பதிவு இல்லை

விரல் ரேகை எடுத்த பிறகு மையைப் போக்கச் சோப்பு உதவாது, சார். சோப்புப் போட்டால் மை நகக்கண்ணுக்குள் இறங்கிவிடும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, பழைய பனியன் துணியால் துடைத்தால் போதும். எங்கள் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வருகிறவர்களுக்கு நானே எண்ணெய் ஊற்றித் துடைத்துவிடுவேன். கறுத்த விரலோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆள் ஒரு மாதிரி பார்ப்பார். வேலை தேடி வந்தவனுக்கு அந்தக் கூச்சம் எதற்கு என்று நினைப்பேன். கோரிப்பாளையத்தில் என்னைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் இதைத்தான் சொல்வார்கள். கிரிதரன் பதவிசான ஆள், ஒருத்தர் மனம் நோகப் பேசமாட்டார் என்று.

முதலில் இருந்தே சொல்கிறேன். அவசரமில்லையே?

எங்கள் முதலாளி வெள்ளைத்துரை ஐயா போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடுகளுக்கும் கடைகளுக்கும் காவலுக்கு ஆள் அனுப்பும் தொழிலை அவர் தொடங்கியபோது மதுரையில் அது புதுசு. யாரோ ஒரு ஆளை வாசலில் உட்கார வைத்தால் அவனையே யார் நம்புவது என்று ஜனங்கள் கேட்டார்கள். ஐயா ஒரு வழி கண்டுபிடித்தார். வேலைக்கு வருகிற ஒவ்வொருவனின் பத்து விரல் ரேகையையும் எடுத்து, போலீசின் ரேகைப் பிரிவுக்கு அனுப்புவது. அங்கே தண்டனை பெற்றவர்களின் ரேகையெல்லாம் இருக்கும். ஒத்துப்போனால் ஆள் பழைய குற்றவாளி. ஒத்துப்போகாவிட்டால் சீட்டில் 'பதிவு இல்லை' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார்கள். 'ரேகை பார்த்த காவலர்கள்' என்று வாசலில் பெரிய எழுத்தில் போர்டு வைத்தோம். அந்தப் போர்டுக்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள்.

ரேகை எடுப்பது என் வேலை. ஐயாவே கற்றுக்கொடுத்தார். தகட்டில் மையை மெல்லிசாகப் பரப்பி, விரலை நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உருட்ட வேண்டும். வருகிறவர்கள் பயத்தில் விரலை விறைத்துக்கொள்வார்கள். நாமே அமுக்கினால் ரேகை குழம்பிவிடும். "விரலைத் தளர விடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்வேன். சொன்னதும் தளர்ந்துவிடும். அடுத்தவர் கை நம் கைக்குள் அப்படி நம்பித் தளர்வது ஒரு தனி உணர்வு, சார். எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது என் தங்கச்சி மாப்பிள்ளை ராமமூர்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் தங்கை பத்மாசினியைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தோம். அவர் அங்கே ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். தனியாக இருந்த ஒரு கிழவரை அடித்துப்போட்டு நகையை எடுத்த வழக்கில் தண்டனையாகி ஜெயிலுக்குப் போனார். இந்தச் சங்கதி மதுரையில் யாருக்கும் தெரியாது. பட்டறையில் வேலை, வர முடியவில்லை என்று சொல்லிச் சமாளித்தோம். வெளியே வந்ததும் தங்கையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். கீழ்வாசல் பக்கம் எங்களுக்கு இருப்பது இரண்டு அறை வீடு. ஒரு அறை அவர்களுக்கு.

பகல் முழுக்கப் படுத்திருப்பார். சாயங்காலம் குடித்துவிட்டு வந்து தங்கையை அடிப்பார். என் மகள் வித்யாஸ்ரீ அப்போது பத்தாம் வகுப்பு. அவர் வீட்டில் இருக்கும்போது அவள் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள். என் மனைவி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் தங்கை அடுப்படியில் வைத்துக் கேட்டாள். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்ட்ர மொழி; இங்கே தமிழில் சொல்கிறேன். "அண்ணா, ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் வேலை வாங்கிக் குடுக்குறீங்க. இவருக்கு ஒண்ணு குடுக்கக்கூடாதா? வேலைன்னு ஒண்ணு இருந்தா மனுசன் சரியாயிடுவாரு."

அவள் கன்னத்தில் தழும்பு புதிதாக இருந்தது. நான் செய்தது எல்லாமே அந்தத் தழும்பைப் பார்த்துத்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய விரலை வைத்தால் கோயம்புத்தூர்த் தண்டனை வெளியே வந்துவிடும். அதனால் ஒரு மத்தியானம், ஐயா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ராமமூர்த்தி பெயர் எழுதிய சீட்டில் என் விரல்களை வைத்தேன். தன் விரலைத் தானே உருட்டுவது லேசில்லை, சார். நான் பார்த்தவர்களைப் போலவே என் விரலும் விறைத்துக்கொண்டது. இரண்டு சீட்டுப் பாழானது. மூன்றாவது நன்றாக விழுந்தது. கொஞ்ச நாளில் 'பதிவு இல்லை' என்று திரும்பி வந்தது. எப்படி இருக்கும்? நான் எறும்புக்கும் துரோகம் நினைக்காதவன். சுத்தமான என் ரேகையைத் தங்கைக்குச் சீர் செய்கிற மாதிரி கொடுத்தேன் என்றுதான் அப்போது தோன்றியது.

அதே வாரத்தில்தான் ஒத்தக்கடையிலிருந்து சுபலட்சுமி டீச்சர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். யானைமலைக்கு எதிர்ப்பக்கம் புதிதாக வந்த பிளாட்டுகளில் வீடு கட்டித் தனியாக இருந்தார். அந்தத் தெருவில் நான்கைந்து வீடுகள்தான் எழும்பியிருந்தன. எல்லாரும் சேர்ந்து ஒரு காவல்காரரைப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, பேசிவிட்டு வர இவரை அனுப்பியிருந்தார்கள்.

அவர் உட்கார்ந்திருந்தபோது உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு ஊரிலிருந்து காசிமாயன் என்பவர் வேலை கேட்டு வந்திருந்தார். நல்ல உயரம், முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் கிணறு வற்றி, ஒத்தக்கடையில் குடிசை போட்டுக் குடும்பத்தோடு இருந்தார். எல்லாம் கேட்டு முடித்து நான் மைத் தகட்டை எடுத்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, இது மட்டும் வேணாம்ணே."

"எல்லாரும் வைக்கிறதுதான். பதினஞ்சு நிமிசம் ஆகாது."

"கோவிச்சுக்கிறாதீக. வெள்ளக்காரன் காலத்துல எங்க ஆளுகளப் பூராம் கையப் புடிச்சு ரேகை வச்சுட்டு, தெனம் பொழுது சாஞ்சா ஸ்டேசன் வாசல்ல வந்து படுங்கடான்னாய்ங்க. திருடுனவனும் படுத்தான், திருடாதவனும் படுத்தான். எங்க அப்பாரு சாகுற வரைக்கும் அதச் சொல்லி அழுவாரு. நான் ஒரு தப்பும் பண்ணல. பண்ணாதவன் எதுக்குண்ணே கள்ளன் மாதிரி கை நீட்டணும்?"

"அப்ப வேலை கெடைக்காதே."

"பரவால்லண்ணே. வாரேன்."

கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். டீச்சர் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார். "ஏப்பா, தோட்ட வேலை தெரியுமா? நாலு தென்னை வச்சிருக்கேன், தண்ணி பாச்ச ஆளில்ல" என்றார். பிறகு என்னிடம் திரும்பிச் சிரித்தார். "முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்றான் பாருங்க. இவன நம்பலாம்."

"சரிதான் டீச்சர். ஆனா வாசக் காவலுக்கு ரேகை பாத்த ஆளைத்தான் அனுப்புவோம்" என்றேன்.

"அதத்தானே தேடி வந்தேன்" என்றார்.

காவல்காரரை என் சீட்டைப் பார்த்து எடுத்தார். தோட்டக்காரரை முகத்தைப் பார்த்து எடுத்தார். காவல்காரராக நான் அனுப்பியது ராமமூர்த்தியை.

முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. காக்கிச் சட்டை போட்டதும் ராமமூர்த்தி ஆளே மாறினார். அங்கேயே ஒரு தகரக் கொட்டகையில் தங்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒருநாள் விடுப்பில் வீட்டுக்கு வருவார். என் மகள் கதவைத் திறந்து வைத்துப் படித்தாள். என் மனைவி பேச ஆரம்பித்தாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்பது தப்பா, சார்?

நடுவில் ஒருமுறை டீச்சர் போன் செய்தார். "தம்பி, அந்த ராமமூர்த்தி எப்பிடி? அடிக்கடி உள்ள வந்து தண்ணி கேக்குறாரு. பேச்சுக்குப் பேச்சு, வெளியூர்ல இருக்குற பிள்ளைங்க நகையெல்லாம் இங்கதான் இருக்கான்னு கேக்குறாரு. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றார்.

நான் சொன்னேன்: "டீச்சர், ரேகையே பாத்தாச்சு. பயப்படாதீங்க."

"நீங்க சொன்னாச் சரி" என்று வைத்துவிட்டார்.

அந்த ஒரு சொல்தான் என்னால் தாங்க முடியாதது. மற்றதையெல்லாம் எப்படியாவது எனக்கு நானே விளக்கிச் சொல்லிக்கொள்வேன். சோறு பிசையும்போது சில நாள் விரல் நுனிகளைப் பார்ப்பேன், அந்தக் குரல் கேட்கும். நீங்க சொன்னாச் சரி. பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவேன். பித்தம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராமமூர்த்தியின் விடுப்பு நாள் ஒன்றில்தான் அது நடந்தது. டீச்சரைக் கழுத்தை நெரித்துப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார். கைவளைகளும் பீரோவில் இருந்த நகைகளும் காணவில்லை. தகவல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம்.

வீட்டுக்குப் போனேன். ராமமூர்த்தி முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து குளித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் நகம் கீறிய மூன்று கோடுகள். அவரே ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"என்ன மச்சான் அப்பிடிப் பாக்குறீங்க? நம்ம ரேகைதான் சுத்தமா இருக்கே."

நம்ம ரேகை என்றார், சார். உள்ளே தங்கை பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைகால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். இப்போது அவர் இங்கே இல்லை, மாறுதலாகிப் போய்விட்டார். வெள்ளைத்துரை ஐயாவிடம் அவருக்கு மரியாதை அதிகம். பீரோக் கண்ணாடியில் ஒரே ஒரு விரல் ரேகை தெளிவாகக் கிடைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்துபோகிறவர்களிடமெல்லாம் ரேகை எடுக்க வேண்டும், உங்கள் காவல்காரரை ஸ்டேசனுக்கு அனுப்புங்கள் என்றார்.

"அவரு நம்ம கிரிதரன் தங்கச்சி மாப்பிள்ளைதான்யா. நான் பொறுப்பு" என்றார் ஐயா.

அப்போது நான் எழுந்து சொன்னேன்: "சார், அவரோட பத்து விரலும் ஏற்கெனவே உங்க ரேகைப் பிரிவுல பாத்த சீட்டு. இங்கேயே இருக்கு. வேணும்னா எடுத்துத் தாரேன்."

யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். நன்றாக உருட்டிய சீட்டு அது. இன்ஸ்பெக்டரே எடுத்திருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. வாங்கிக்கொண்டார். பீரோ ரேகையோடு அது ஒத்துப்போகவில்லை. எப்படி ஒத்துப்போகும்? கண்ணாடியைத் தொட்டது ஒரு கை, சீட்டில் இருப்பது இன்னொரு கை. ராமமூர்த்தி அத்தோடு விடுபட்டார். சம்பவத்தன்று அவர் எங்கே இருந்தார் என்று கேட்டார்கள். "விடுப்பு சார். காலையில எங்க வீட்லதான் பலகாரம் சாப்பிட்டாரு" என்றேன். அது உண்மை. சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பிப் போனார்.

இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கும்போது சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டார். "வேற யாரு அந்த வீட்டுக்கு வருவா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

நான் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன். "தோட்டத்துக்குக் காசிமாயன்னு ஒருத்தர் வருவாரு சார். உசிலம்பட்டிப் பக்கம். இங்க வேலை கேட்டு வந்தப்ப ரேகை வைக்க மாட்டேன்னுட்டாரு."

இதில் ஒரு சொல்லாவது பொய்யா? நீங்களே சொல்லுங்கள். அவர் பெயர், அவர் ஊர், அவர் செய்தது. அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஊர்ப் பக்கத்தின் பெயரைக் கேட்டதும் இன்ஸ்பெக்டரும் ஐயாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். பல வருஷமாக வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் எந்த முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கே காசிமாயனைப் பிடித்துவிட்டார்கள். அவர் ஓடவில்லை. தென்னைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தாராம். டீச்சர் செத்தபிறகு யாருக்கடா தண்ணி பாய்ச்சுகிறாய் என்று கேட்டதற்கு, மரம் என்ன பாவம் பண்ணியது என்றாராம். அதையும் திமிர் என்று எழுதிக்கொண்டார்கள். கடைசியில் அவரிடமும் ரேகை எடுத்தார்கள், நான்கு பேர் பிடித்துக்கொண்டு. அது பீரோ ரேகையோடு ஒத்துப்போகவில்லைதான். ஆனால் அதற்குள் தான்தான் செய்ததாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். எப்படி ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியில் கிடைத்தது பழைய ரேகையாக இருக்கலாம், பீரோ கொண்டுவந்து இறக்கியவன் ரேகையாக இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஒற்றை ரேகையை வைத்துக் கோயம்புத்தூர்ப் பதிவைத் தேடியிருக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அப்போது முடியாது. கையால் தேடுகிற காலம். பத்து விரலும் இருந்தால்தான் பழைய சீட்டு எந்த அடுக்கில் இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியும். ஒற்றை விரலை வைத்துத் தேடுவது வைகை மணலில் கடுகைத் தேடுகிற மாதிரி. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன் என்பதை மறைக்கவில்லை.

வழக்கில் நானும் ஒரு சாட்சி. கூண்டில் ஏறி நின்றேன். இவர் ரேகை வைக்க மறுத்தாரா என்று கேட்டார்கள். ஆமாம், மறுத்தார் என்றேன். எதிரே காசிமாயன் நின்றுகொண்டிருந்தார். வலது கை விரல்கள் இரண்டு கோணலாக ஒட்டியிருந்தன. அவர் மனைவி சீனியம்மாள் பின்வரிசையில் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தச் சாட்சியிடம் ஏதாவது கேட்கிறாயா என்று நீதிபதி காசிமாயனிடம் கேட்டார்.

"ஒண்ணும் இல்லங்கய்யா. அண்ணே உள்ளதத்தான் சொல்றாரு" என்றார் அவர்.

ஆயுள் தண்டனை.

வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். சீனியம்மாள் மரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். போய் ஆறுதல் சொன்னேன். "மேல போகலாம்மா, அப்பீல் இருக்கு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்களாச்சும் வந்து பேசுனீகளே" என்றாள்.

அதற்குப் பிறகு ராமமூர்த்தியை வேலையை விட்டு எடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், திடீரென்று எடுத்தால் ஐயா காரணம் கேட்பார். வேலை இல்லாவிட்டால் என் வீட்டுக்கு வந்துவிடுவார். வித்யாஸ்ரீக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அதனால் இடம் மட்டும் மாற்றினேன். இப்போது நாகமலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வாசல் காவலுக்கு இருக்கிறார். ஆமாம், இன்றைக்கும்தான். இதுவரை அங்கே ஒரு குறையும் வந்ததில்லை. வந்ததாக யாரும் சொல்லவில்லை. அங்கே உள்ளவர்களுக்கு வயது அதிகம். அடிக்கடி யாராவது இறப்பார்கள். அதையெல்லாம் யார் போய்க் கிண்டிக்கொண்டிருப்பார்கள்?

அவரைப் பிடிக்க ஆள் அனுப்பிவிட்டீர்களா? நல்லது. வாசலில் இல்லாவிட்டால் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருப்பார்.

காசிமாயன் ஆறு வருஷம் உள்ளே இருந்தார். நான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய்ப் பார்த்தேன். பழம் வாங்கிப் போவேன். ஒருமுறை அவர் சொன்னார், "அண்ணே, அன்னிக்கே வெரல நீட்டியிருந்தா ஒங்ககிட்டயே வேலைக்கு வந்திருப்பேன். இந்த வீம்பு என்னையக் கெடுத்துருச்சுண்ணே." நான் அவரைத் தேற்றினேன். எல்லாம் விதி என்றேன். அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை கண்டு இறந்துபோனார். பாடியை வாங்கிக் கொடுப்பதற்கு நான்தான் அலைந்தேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவர் மகள் முத்துத்தாய் பிளஸ் டூ முடித்திருந்தாள். கொலைகாரன் மகள் என்று ஒரு ஜவுளிக்கடையில்கூட அவளைச் சேர்க்கவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். ஐயா கையை விரித்துவிட்டார். "என்ன கிரிதரா, அப்பன் பேரு பேப்பர்ல வந்த பிள்ளை. நம்ம போர்டுல என்ன எழுதிருக்கு, பாத்தியா?" என்றார். நான் விடவில்லை. அப்பன் செய்ததற்குப் பிள்ளை என்ன செய்யும் ஐயா, நான் ஜவாப்தாரி என்று வாதாடி வேலை வாங்கிக் கொடுத்தேன்.

ரேகை வைக்கும்போது அவள் தானாகக் கையை நீட்டினாள். "எங்கப்பா மாதிரி மாட்டேன்னு சொல்ல மாட்டேன் சார். அம்புட்டு விரலையும் வச்சுக்கங்க" என்றாள். அவள் விரல் விறைக்கவே இல்லை. நான் சொல்வதற்கு முன்னாலேயே என் கைக்குள் தளர்ந்து கிடந்தது. என் பிடிதான் நழுவியது, மை இழுபட்டது. இரண்டு சீட்டைக் கெடுத்தேன். "சாருக்குச் சுகர் இருக்கா?" என்று கேட்டாள்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அப்போதுதான் வேலையில் சேர்கிற பிள்ளை. முதல் நாளே அவள் மனத்தைக் கலைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

நல்ல சூட்டிகையான பெண். வேலையைக் கற்றுக்கொடுத்தேன். இப்போது எங்கள் அலுவலகத்தில் ரேகை எடுப்பது அவள்தான். என்னைவிடச் சுத்தமாக எடுக்கிறாள்.

போன வாரம் வெள்ளைத்துரை ஐயா ஒரு சேதி சொன்னார். ரேகைப் பிரிவில் பழைய சீட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம். இனிமேல் ஒரு விரல் இருந்தாலே போதும், எங்கெங்கே அந்த விரல் இருக்கிறதோ அத்தனையையும் அது காட்டிவிடுமாம். அத்தோடு இன்னொரு உத்தரவு. காவல்காரர்கள் மட்டும் போதாது, அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற எங்கள் ரேகையையும் அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை எல்லாருக்கும் எடுப்பதாக ஏற்பாடு.

முத்துத்தாய் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சாருக்கு நான்தான் வைப்பேன். வேற யாரையும் விட மாட்டேன்."

என் விரல் ராமமூர்த்தி பெயரிலும் கிரிதரன் பெயரிலும் இரண்டாக வந்து நிற்கும். அது எனக்குத் தெரியும். அதனால்தான் இன்று வந்தேன் என்று நீங்கள் நினைத்தால் நான் மறுக்கப் போவதில்லை. உங்கள் தொழில் அப்படி. ஆனால் இத்தனை வருஷமாக வரவேண்டும், வரவேண்டும் என்றுதான் இருந்தேன். வேளை அமையவில்லை. யாரும் கூப்பிடாமல், யாரும் பிடிக்காமல், நானாகப் படியேறி வந்தேன் என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றதையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ராமமூர்த்தி பெயரில் உங்களிடம் உள்ள பத்து ரேகையும் என்னுடையவை. அவர் பழைய குற்றவாளி என்று தெரிந்தேதான் தனியாக இருந்த ஒரு பெண்ணின் வாசலுக்கு அனுப்பினேன். அந்த அம்மா பயந்து கேட்டபோதும் ரேகை பார்த்த ஆள் என்றேன். கொன்றது அவர்தான் என்று அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும். காசிமாயன் செய்யவில்லை என்பதும் தெரியும். என் சீட்டைக் கொடுத்து ஒருவரை விடுவித்து, உண்மையைச் சொல்லி இன்னொருவரை உள்ளே அனுப்பினேன். ஆறு வருஷத்தில் எந்த நாளில் வந்து சொல்லியிருந்தாலும் அவர் வெளியே வந்திருப்பார். சொல்லவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? ரேகையும் வேண்டுமா? எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள், சார். முத்துத்தாயிடம் மட்டும் இதை இப்போது சொல்ல வேண்டாம். அப்பன் கொலைகாரன் என்றே வளர்ந்த பிள்ளை, ஒருவழியாக அதற்குப் பழகிவிட்டாள். என்னைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்திருக்கிறாள். திடீரென்று இரண்டையும் மாற்றிச் சொன்னால் தாங்க மாட்டாள். எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகத்தான் கேட்கிறேன்.